காத்திருப்பு தேங்கிய ஏரி

முதலில் கேட்டது சத்தம்தான். சளக், சளக் என்று, ஆயிரம் நாய்கள் சேர்ந்து அவசரமே இல்லாமல் தண்ணீர் குடிப்பதைப்போல, பங்குனி வெயில் உச்சியில் நிற்கிற நேரத்தில், ஒன்பது வருஷமாக ஒரு சொட்டு நிற்காத கோணப்பள்ளி ஏரிப் பக்கமிருந்து அது வந்தது. வீட்டுக்குள் படுத்திருந்தவர்கள் கேட்டோம், ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் கேட்டோம், பஞ்சாயத்து மோட்டார் அறையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களும் கையிலிருந்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஆனாலும் எழுந்துபோய்ப் பார்க்க ஒருவருக்கும் மனசு வரவில்லை, ஏரியைப் பார்க்கப் போய்த் திரும்பிய ஒன்பது வருஷத்து ஏமாற்றம் எல்லோர் காலிலும் கனத்தது. கடைசியில் போனவள் பொன்னுருவி. ஏழு மாச வயிற்றைத் தூக்கிக்கொண்டு, தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, கரை மேல் ஏறி நின்று பார்த்தவள், "ஏங்க, ஏரியில தண்ணி நிக்குது" என்று, வாசலில் பால்காரர் நிற்கிறார் என்பதைப்போலச் சொன்னாள்.

சொன்னது அவள் புருஷன் வேடியப்பனிடம். ஏரிக்கரையை ஒட்டி, சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடுகிற பெரிய சாலையின் ஓரத்தில், ஒரு கம்பெனி மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் போடும் நிலையம் கட்டியிருந்தது. அதற்கு அவன்தான் காவல், அவன்தான் குழாயை எடுத்து மாட்டுகிற கை, அவன்தான் வசவு வாங்குகிற காது. மெஷின் இரண்டு. அதில் ஒன்றுக்கு என்றைக்கும் சிவப்பு விளக்குதான். இருக்கிற ஒன்றில் ஒரு கார் வயிறு நிரம்ப ஐம்பது நிமிஷம் ஆகும். நாலாவதாக வந்து நிற்கிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கைபேசியைப் பார்ப்பார், தலையைத் தூக்கி மெஷினில் ஓடுகிற எண்ணைப் பார்ப்பார், அறுபத்தொன்று அறுபத்திரண்டாகிற வரைக்கும் பார்த்துவிட்டு மறுபடி கைபேசிக்குப் போவார், பின்சீட்டில் குழந்தைகள் "எப்பப்பா போவோம், எப்பப்பா போவோம்" என்று கேட்டுக் கேட்டுத் தூங்கிப்போகும். நிலையத்துக்குப் பின்னால் தகரம் போட்ட ஒற்றை அறை. அதில் அவர்கள் இருவரும். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து நின்ற வயிறு அது.

எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. ஏரி நிறைந்தால் முதல் குடம் சாமிக்கு இல்லை, சூலிக்கு. ஊரில் எவள் வயிறு பெரிசோ அவள் குடித்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் தண்ணீர் படலாம். மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஊர் வைத்த நீர்க்கட்டி மாரப்பன், ஒன்பது வருஷமாக வேலையற்று மடைக்கல்லில் உட்கார்ந்து பீடி குடித்த மனிதர், அன்றைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பித்தளைக் குடத்தில் மொண்டார். பம்பை முன்னால் போக, ஊரே பின்னால் போக, வரிசையில் நின்ற கார்களைச் சுற்றிக்கொண்டு அந்தத் தகர அறைக்குப் போனோம். கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தார்கள்.

"குடி தாயி, ஊரே உன் வயித்து வழியாத்தான் குடிக்குது" என்றார் மாரப்பன்.

பொன்னுருவி மூன்று மடக்கு குடித்தாள்.

"எப்பிடி இருக்குது?"

"ருசி ஒண்ணுமில்ல மாமா. யாரோ வரப்போற மாதிரி இருக்குது."

"வரத்தானே போறான், ரெண்டு மாசத்துல" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அன்புடன் கொடுத்த குடம்தான் அது. இதை மட்டும் எழுதிவிட வேண்டும்.

சித்திரைப் பிறப்பு விடுமுறையில்தான் மாரப்பனுக்குப் பிடிபட்டது. மழை இல்லை, வரத்துக் கால்வாயில் எருக்கஞ்செடி முளைத்துக் கிடக்கிறது, ஊற்றாக இருந்தால் அடிவண்டல் கலங்கும், இது கலங்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சாண் ஏறுகிறது, செவ்வாய் புதனில் இரண்டு விரல்கடை இறங்குகிறது, விடுமுறை நாட்களில் கார் வரிசை டோல்கேட் வரைக்கும் நீண்டபோது கலிங்கல் தாண்டி வழிந்தே விட்டது.

"இது மழத்தண்ணி இல்லபா" என்று மாரப்பன் டீக்கடையில் சொன்னார். "அதோ கண்ணாடிய ஏத்திக்கினு உக்காந்திருக்காங்களே, அவங்க காத்துக்கெடக்கிறது. அது எங்கயாவது வடிஞ்சுதானே ஆவணும்? பள்ளத்தப் பாத்து வருது."

"அப்ப குடிக்கலாமா?"

"மூணு வாரமா குடிக்கிறியே, செத்தா பூட்ட?"

இதைப்பற்றி ஊரில் நடந்த விசாரணை இவ்வளவுதான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு டீயை முடித்துக்கொண்டு வயலுக்குப் போனார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தால் என்ன, வந்ததே பெரிசு.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த நெல் பால் பிடித்தது, பிடித்த பால் பிடித்தபடியே நின்றது. வைகாசி போய் ஆடி போய்ப் புரட்டாசி வந்தும் கதிர் தலை சாயவில்லை. உறை ஊற்றிய பால் பாலாகவே இருந்தது. ஆடுகள் சினையாகவே மேய்ந்தன. ஆனால் ஊர் என்பது எதிலும் ஒரு வழி கண்டுபிடிக்கிற பிராணி. மல்லிகைக்கு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் பறித்த மொக்கு நாலு நாளைக்கு விரியாது என்று தெரிந்ததும் பெங்களூர் பூ வியாபாரிகள் விடியற்காலையிலேயே வந்து நின்றார்கள். நிலத் தகராறில் தோற்கப்போகிற ஒருவன் கோர்ட்டுக்குப் போகும் முன்னால் ஏரியில் முங்கிவிட்டுப் போனான், வாய்தா கிடைத்தது. அதன் பிறகு மாவட்டத்தில் தோற்கப்போகிறவர்கள் எல்லோரும் ஈர வேட்டியோடுதான் நீதிபதி முன்னால் நின்றார்கள். கட்டிக்கொடுக்க மனசில்லாத தகப்பன்கள் மகள்களுக்குக் குடம் குடமாகக் கொடுத்தார்கள். சாகக் கிடந்தவர்கள் சாகவில்லை. கெம்பம்மாவின் மகன் நஞ்சப்பன், முப்பத்திரண்டு வயசில் இரண்டு சிறுநீரகமும் செத்து, பெரியாஸ்பத்திரியில் "இன்னும் பத்து நாள், வீட்டுக்குக் கூட்டிப்போங்க" என்று கைவிட்ட ஆள், அந்தத் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துக்கொண்டு அதே பத்து நாளை மாசக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தான். நன்றாகவும் ஆகவில்லை, போகவும் இல்லை. கெம்பம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

பொன்னுருவிக்கு மட்டும் போதவில்லை. ஆனியில் பிறந்திருக்க வேண்டியது பிறக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அட்டையில் எழுதியிருந்த பிரசவத் தேதியை அழித்து ஆடி என்றாள், அழித்து ஆவணி என்றாள், அழித்து அழித்து அந்த இடத்தில் அட்டை ஓட்டையாகி, ஓட்டை வழியாக நர்ஸின் விரல் தெரிந்தது. ஸ்கேனில் பார்த்தால் ஏழு மாசக் குழந்தை. துடிப்பு நன்றாக இருக்கிறது, கை கால் நன்றாக இருக்கிறது. அடுத்த மாசம் பார்த்தாலும் ஏழு மாசக் குழந்தை. ஊத்தங்கரையில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போய் இரண்டு மாசம் வேறு தண்ணீர் குடித்துப் பார்த்தாள், ஒன்றும் மாறவில்லை. முதல் குடம் முதல் குடம்தான்.

"இன்னாடி, உம் புள்ள உள்ளயே பத்தாவது முடிச்சிட்டு வருமா?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்பார்கள்.

"பாஸானா அனுப்பி வெக்கிறேன்க்கா" என்பாள் அவளும்.

அறைக்குள் வந்த பிறகு புருஷனிடம் சொல்வாள்: "உள்ளருந்து உந்தறான். கதவு வரைக்கும் வந்துடறான். அப்புறம் யாரோ 'இரு இரு'ன்னு சொன்ன மாதிரி நின்னுடறான். யாருங்க அவனப் புடிச்சு நிறுத்தறது?"

யாரென்று வேடியப்பனுக்குத் தெரியும். ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு கார் வீதம் அவன் கையாலேயே மாட்டிவிடுகிறவர்கள்.

மாசி மாசம், புளி உலுக்குகிற காலம், அவனுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் மாசி பங்குனியில் எந்த வீட்டிலும் வெறுங்கையோடு ஒருவர் உட்கார முடியாது. கையில் ஒரு சுத்தியும் முன்னால் ஒரு குவியல் புளியும் வந்துவிடும், ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்துப்போட வேண்டும். புளி தட்டுகிறவன் எதற்கும் காத்திருப்பதில்லை என்பது அவன் கணக்கு. நாலு கூடை புளியை நிலையத்தில் கொட்டி, வரிசையில் நின்ற கார்களின் கண்ணாடியைத் தட்டினான்.

"மேடம், சும்மாதானே இருக்கீங்க. இத கொஞ்சம் தட்டிக் குடுங்களேன்."

"எதுக்குங்க?"

"புண்ணியமா போவும்."

சிலர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். ஒரு பெங்களூர் அம்மாள் மட்டும் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தாள். முதல் கொட்டை தெறித்து அவள் மூக்குக் கண்ணாடியில் பட்டது, சிரித்தாள், அவள் சிரித்ததைப் பார்த்து அடுத்த காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். பத்து நாளில் அது பரவி, புளி தட்டுவதற்கென்றே மெதுவாகச் சார்ஜ் ஏறட்டும் என்று சொல்கிறவர்கள் வந்தார்கள். கார் நிரம்பிவிட்டது என்று சொன்னாலும் "இருப்பா, இந்தக் கைப்பிடிய முடிச்சிடறேன்" என்றார்கள். ஏரி முழங்கால் அளவு இறங்கியது. பொன்னுருவி ஒரு மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தலை திரும்பிடுச்சுங்க. கீழப் பாத்துத் திரும்பிட்டான்" என்றாள். வேடியப்பன் ஓடிப்போய் இன்னும் இரண்டு கூடை புளி வாங்கி வந்தான்.

மறுநாள் கெம்பம்மா வந்தாள். நஞ்சப்பனுக்கு மூச்சு வாங்குகிறது, கால் வீங்கி மினுமினுக்கிறது. அவள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. புளிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் ஒரு புளியை எடுத்து உரித்துக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, உம் புள்ள வர்றதுக்கு எம் புள்ள போவணுமா?"

வேடியப்பன் சிதறிய கொட்டைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டான்.

"உன்னுது உள்ள பத்திரமா இருக்குது. எங்கயும் ஓடிடாது. என்னுது அப்பிடியா?"

பின்னால் மாரப்பனும் நாங்களும் போனோம், பூ வியாபாரக்காரர்களும் வந்தார்கள், வாய்தாக்காரர்களும் வந்தார்கள், அவர்கள் மிரட்டினார்கள், கம்பெனிக்கு எழுதிப்போடுவோம் என்றார்கள். அதையெல்லாம் அவன் தாங்கியிருப்பான். கெம்பம்மா உரித்த அந்த ஒரு புளியைத் தாங்க முடியவில்லை. உள்ளே போய்ப் பொன்னுருவியிடம் சொன்னான். அவள் "பாவம், இருக்கட்டும். நாம இன்னும் கொஞ்சம் இருக்கலாம்" என்றாள். சாயங்காலம் கூடைகளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கார்க்காரர்கள் கண்ணாடிக்குள் போனார்கள். ஏரி ஏறியது. திரும்பிய தலை மறுபடி மேலே போய்விட்டது.

வைகாசியில் கம்பெனியிலிருந்து திவாகர் என்கிற இளவயசு இன்ஜினியர், லாரியில் ஆள் உயரத்தில் வெள்ளைப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். நல்ல மனிதர். வேடியப்பனை "அண்ணா" என்றுதான் கூப்பிட்டார். ஆறு வருஷம் தூங்காமல் உட்கார்ந்து செய்த மெஷின், பழசோ புதுசோ எந்தக் காரின் பேட்டரியும் இதற்குத் தோதாகத்தான் இருக்கும், நாலே நிமிஷத்தில் நிரம்பிவிடும் என்றார்.

"நாலு நிமிஷமா சார்?"

"கார் விக்காததுக்குக் காரணமே இதாண்ணா. எல்லாருக்கும் கார் புடிச்சிருக்கு, நிக்கிறதுதான் புடிக்கல. அந்த நிக்கிறத நாங்க ஒழிச்சிட்டோம். இனிமே வித்துக்கிட்டே இருக்கலாம்."

"ஒழிச்சது எங்க சார் போவும்?"

"எது?"

"ஒண்ணுமில்ல சார்."

வேடியப்பனுக்குள் என்ன ஓடியது என்று எங்களுக்குத் தெரியும். இது அவன் கேட்டு வந்ததில்லை, அவன் யாருடைய மகனையும் கொல்லவில்லை, தானாக வந்த விடுதலை. அவன்தான் மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தான், அவன்தான் பூசணிக்காய் உடைத்தான், அவன்தான் விரியாத மல்லிகை மொக்கில் மாலை கட்டிப் போட்டான். பொன்னுருவி நிலைப்படியில் நின்று பார்த்தாள். அவளும் ஊத்தங்கரைக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள், இந்த வாரம் ஆகிவிடும், பழைய புடவைத் துணி கிழித்து வையுங்கள் என்று.

முதல் நாள் கார்கள் வந்தன, மாட்டினார்கள், கழற்றினார்கள், போனார்கள். ஒருவரும் கண்ணாடியைக்கூட முழுதாக ஏற்றவில்லை. மறுநாள் ஏரி ஒரு முழம் இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு வருஷமாகப் பாலில் நின்ற நெல் ஒரு மணி நேரத்துக்குள் பழுத்து, சிவந்து, அரிவாள் எடுக்கப் போவதற்குள் மணி உதிர்ந்து சேற்றில் விழுந்தது. மல்லிகை மொக்கெல்லாம் லாரியிலேயே விரிந்து அழுகியது. நஞ்சப்பன் அன்று பொழுது சாய்கையில் "அம்மா, பசிக்குது" என்று சொல்லிவிட்டு, கஞ்சி கொதிப்பதற்குள் போய்விட்டான். கெம்பம்மா கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். இழவு வீட்டுக்கு வேடியப்பன் போனான், அவள் அவனை ஒன்றும் சொல்லவில்லை, "உனக்குப் பொறந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறக்கவில்லை. நாலாம் நாள் காலையில் பொன்னுருவி புடவையைக் கட்டும்போது கொசுவம் ஒரு சுற்று மிஞ்சியது. வலி இல்லை, உதிரம் இல்லை, உள்ளே உந்தல் இல்லை. ஏரி ஒரு முழம் இறங்கினால் அவள் வயிறு ஒரு விரல்கடை இறங்கியது. ஐந்தாம் நாள் மாரப்பன் மடைக்கல்லில் கரிக்கோடு போட்டுவிட்டு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மாசியிலயே கொஞ்சம் கொஞ்சமா வடிய வுட்டிருக்கணும். அன்னைக்குத் தலை திரும்பினப்பவே வுட்டிருக்கணும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அன்றைக்கு அதைத் தடுத்தவர்களில் அவரும் ஒருவர், நாங்களும்தான்.

ஆறாம் நாள் வேடியப்பன் காரோட்டிகளைக் கெஞ்ச ஆரம்பித்தான்.

"சார், ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க சார்."

"எதுக்குப்பா? ஃபுல் ஆயிடுச்சே."

"சும்மா நில்லுங்க சார். புள்ள கரையுது சார்."

"என்னது?"

சிலர் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். ஒருவர் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினார். அவன் குழாயைப் பிடித்துக்கொண்டு கழற்ற விடாமல் நின்றபோது ஒருவர் கம்பெனிக்குப் போன் செய்தார், திவாகர் அதே போனில் அவனிடம் பேசினார், "அண்ணா, என்னண்ணா ஆச்சு உங்களுக்கு? இந்த மெஷினுக்கு ஆளே தேவையில்ல, உங்களுக்காகத்தான் நான் சொல்லி வெச்சிருக்கேன்" என்றார், கோபமில்லாமல், வருத்தத்தோடு.

ஏழாம் நாள் ஊர் போனது. யாரும் கூப்பிடவில்லை. கெம்பம்மா முதலில் வந்து நிலையத்தின் சிமென்ட் தரையில் உட்கார்ந்தாள், அப்புறம் குழாயடிப் பெண்கள், பூ வியாபாரக்காரர்கள், தீர்ப்பில் தோற்று வந்த வாய்தாக்காரர்கள், எல்லோரும் முன்பு கார்கள் நின்ற வரிசையிலேயே டோல்கேட் பக்கமாக நீண்டு உட்கார்ந்தோம், வெயிலில், பேச்சில்லாமல், கண்ணை மெஷின் மேல் வைத்துக்கொண்டு. காலையிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் முந்நூறு பேர் காத்திருந்தோம். மாரப்பன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு சொட்டு ஏறவில்லை. காத்திருப்பதற்கு ஏதோ ஒன்று வரும் என்று உள்ளே இருக்க வேண்டுமே. எங்களில் யாருக்கு என்ன வரப்போகிறது? வெறுமனே உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். கெம்பம்மா எழுந்து புடவைத் தூசியைத் தட்டினாள். "எனக்குக் காத்துக்கெடக்கத் தெரியும்னு நெனச்சேன். மறந்துபோச்சு தம்பி" என்றாள்.

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் பொன்னுருவி அறையின் பின்பக்க நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். ரேஷனில் போட்ட ராகி, கல்லும் தூசியும். பாதி முறம் ஆகியிருக்கும்போது கை நின்றது. அவளுக்கு அடியில் சிமென்ட் தரை நனைந்தது. தெளிந்த தண்ணீர், நிறமில்லை, நாற்றமில்லை, ஒரு செம்பு அளவுகூட இருக்காது. தரையிலிருந்து விளிம்புக்கு வந்து, விளிம்பிலிருந்து மண்ணுக்கு இறங்கி, நூல்போல ஏரிப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போனது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மண் அதைக் குடித்தது. ஈரம் இருந்த இடம் தெரிகிற அளவுக்குக் கொஞ்ச நேரம் கறுத்திருந்து, பிறகு அதுவும் வெளுத்துப்போனது.

வேடியப்பன் மெஷின் பக்கமிருந்து வந்து நின்றான். அவள் வயிற்றைப் பார்த்தான். மண்ணைப் பார்த்தான்.

"வலிச்சுதா?"

"இல்ல."

"ஏதாச்சும் சொன்னானா?"

"இல்லைங்க. சத்தமே போடல."

அவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சாலையில் ஒரு கார் வளைந்து வந்து நிலையத்தில் நின்றது, அதற்கு ஓசையே இல்லை, சக்கரத்தில் சரளைக்கல் நெரிகிற சத்தம் மட்டும். கதவு திறந்தது, மூடியது. யாரோ தானே குழாயை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். நாலு நிமிஷத்தில் அந்தக் கார் போய்விட்டது. அடுத்தது வந்தது.

"ராகியில ஒரே கல்லா இருக்குது" என்று பொன்னுருவி சொன்னாள். புடவையின் ஈரமான பக்கத்தைக் காலுக்கடியில் மடித்து விட்டுக்கொண்டு, முறத்தை எடுத்து, மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.